மதகு மூன்று, கோயில் மேடு பதினொன்று

சுப்ராயனுக்குக் கெட்டவன் என்று எங்கேயும் பெயர் கிடையாது. அவன் ஊரான பிரம்மதேசத்தில் விசாரித்தால் இன்றைக்கும் "பாவம், வாயில்லாப் பூச்சி" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பூச்சிக்கு ஒரே ஒரு நாள் வாய் கிடைத்தது. அன்றைக்கு அது என்ன பேசியது என்று பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

மரக்காணத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளம் தொடங்கும் இடத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சுப்ராயன் பதினோரு வருஷம் உப்பு லாரி ஓட்டினான். உப்பு பட்டு வீல் எல்லாம் துருப்பிடித்துப் போகும், அதனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் கடையில் நிற்பான். லோடு ஏற்றுகிற இடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் லாரி, பின்னால எடு" என்பார்கள், எடுப்பான். வீட்டில் மாடு வாங்கினாலும் விற்றாலும் அவனை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். நாற்பது வயது வரைக்கும் அவனிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்காமலேயே காலம் போய்விட்டது.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனது. அடுத்த மாதமே வீடு கட்டித் தருகிறோம் என்று வெளிநாட்டு அமைப்பு ஒன்று வந்து இறங்கியது. அவர்களோடு கப்பலில் ஒரு பெரிய வெள்ளை வண்டியும் வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். உள்ளூர் டிரைவர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார்கள். சுப்ராயன் மட்டும் ஏறி உட்கார்ந்தான், பத்து நாளில் பழகிவிட்டான். அதில் மட்டும் அவனுக்கு நிஜமாகவே கை தேர்ச்சி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வண்டியின் டேஷ்போர்டில் வழி காட்டுகிற திரை ஒன்று பதித்திருந்தது. அதில் இருந்த வரைபடம் ஏதோ குளிர்தேசத்துடையது. நம் ஊரில் ஓட்டினால் வெறும் வெள்ளைத் திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் அநாதையாக நகர்ந்துகொண்டிருக்கும், ரோடும் இருக்காது, ஊரும் இருக்காது. ஆனால் ஐந்து தடவை தொட்டு உள்ளே போனால் ஒரு பக்கம் வரும். வண்டி நிற்கிற தரை கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று அதில் ஓர் எண் தெரியும். சுப்ராயன் தற்செயலாகத்தான் அதைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்து ஒரு மாதம் வரைக்கும் அவனைத் தவிர யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் மாதக் கடைசியில் மறுபடியும் அலை வருகிறது என்று கிளப்பிவிட்டார்கள். சனங்கள் சட்டிபானையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. மறுநாள் காலையில் என் கடைக்கு எதிரே கூடையை இறக்கி வைத்த மீன்காரி ஒருத்தி, "ஏம்பா, இந்த எடம் கடலுக்கு எவ்ளோ மேல இருக்கும்?" என்று சும்மா காற்றில் கேட்டாள். சுப்ராயன் வண்டிக்குள் குனிந்து ஐந்து தடவை தொட்டான்.

"ஏழு மீட்டர்" என்றான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் வாழ்க்கை மாறிவிட்டது.

குப்பத்துக்குக் குப்பம் அவனைக் கூப்பிட்டார்கள். "டிரைவரு, எங்க வூட்டாண்ட ஒருவாட்டி நிறுத்திப் பாருங்க." டீ வந்தது, வறுத்த மீன் வந்தது. டிரைவர் என்பது டிரைவரண்ணன் ஆகி, கடைசியில் சார் ஆனது. அவனும் சும்மா சொல்லமாட்டான். திரையைப் பார்ப்பான், கண்ணை மூடுவான், ஒரு பெருமூச்சு விடுவான், அப்புறம்தான் எண் வெளியே வரும். பிடிக்காதவர்கள் வீட்டு வாசலில், "ரெண்டு. ரெண்டே மீட்டர்தாம்மா. பாத்து இருந்துக்கோ" என்பான். அதைக் கேட்டு ஒருத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எட்டு நாள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக் கிடந்தாள். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எத்தனை வருஷம் தின்ற வசவோ, வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடலில் போகிறவர்கள் இதை நம்பியதற்குக் காரணம் உண்டு. குண்டு கட்டின கயிற்றைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். நான்கு பாகம் என்று கயிறு சொன்னால் நான்கு பாகம்தான். அப்பன் பார்த்தாலும் மகன் பார்த்தாலும் மாறாது. கீழே அளக்கிற கயிறு மாதிரி இது மேலே அளக்கிற கயிறு என்று எடுத்துக்கொண்டார்கள். மீட்டரைப் பாகமாக மாற்றிக் கணக்குப் பார்ப்பார்கள். அளவு என்ற ஒன்று ஆடும் என்பது அவர்கள் கேள்விப்படாத விஷயம்.

ஆடும். அது எனக்குத் தெரியும். ஏப்ரலில் ஒருநாள் அந்த வண்டிக்கு ஜாக்கி போட்டு டயர் மாற்றினேன். அரைமணி நேரத்தில் அந்த எண் ஐந்து, ஒன்பது, பதினான்கு, எட்டு என்று இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது.

"ஜாக்கி போட்டதுக்கா டேய் இவ்ளோ ஏறுது?" என்று கேட்டேன்.

"அட, அது அப்படித்தான். மேல சேட்டிலைட்டுல இருந்து வர்றது. முப்பது நாப்பது அடி முன்னப்பின்ன காட்டும், நம்பாதன்னு வீடு கட்ட வந்த இன்ஜினியரே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏண்டா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற?"

"கேக்குறாங்க, சொல்றேன். உன் கடைக்கு எது வோணும் சொல்லு" என்றவன், எண் பதினான்குக்கு ஏறும்வரை காத்திருந்து, "பதினாலு! மரக்காணத்துலயே உன் கடைதான் மேடு" என்றான். எனக்கும் குளிர்ந்துவிட்டது. ஒரு மாதம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பதினான்கு மீட்டர் என்று பீற்றிக்கொண்டேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

இனி அம்சவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்கியார்குப்பத்துக்கு வடக்கே இருக்கிற ஒரு குப்பம். பெயர் வேண்டாம், அங்கே என் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அலை வந்த அன்று அவள் புருஷன் சகாதேவன் கடலில் இருந்தான். வீட்டில் நான்கு வயது மகள் பூஜா, தூளியில் எட்டு மாதப் பிள்ளை செந்தமிழ். ஓடு ஓடு என்று சத்தம் கேட்டதும் கைக்கு அகப்பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாள். பாதை பிரிகிற இடத்தில் வலப்பக்கம் போனால் கோயில் மேடு, தூரம். இடப்பக்கம் கால்வாயிலிருந்து உப்பளத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகு, கிட்டத்தில். தூளியில் இன்னொன்று கிடக்கிறதே. அவள் மதகுக்குத்தான் ஓடினாள். பூஜாவை மதகின் மேல் சிமெண்டு மேடையில் உட்கார வைத்து, "எங்கயும் போவாத, அம்மா தம்பிய தூக்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். கைப்பிள்ளையோடு அவள் திரும்பி வந்தபோது மதகின் மேல் யாரும் இல்லை.

கோயில் மேட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அதுதான் அவளுக்கு வினையாகப் போனது.

சகாதேவனின் அக்கா தனக்கோடி அன்றைக்குக் கோயில் மேட்டில் இருந்தவள். பிள்ளை இல்லாதவள். "நான் தொண்டை கிழிய கத்துனேன், இங்க வாடின்னு. கேக்காம பள்ளத்துல கொண்டுபோயி கொழந்தைய வெச்சா. இவ கையில இன்னொரு புள்ளைய எப்படி வுடறது?" என்று ஊரெல்லாம் சொன்னாள். மதகு பள்ளம் இல்லை, கோயில் மேட்டுக்கு அதுவும் சரிமட்டம்தான், தண்ணீர் மேலே ஏறி வரவில்லை, கால்வாய் வழியாகப் பின்பக்கமாக வந்து சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அம்சவல்லி சொன்னாள். பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு. கண்ணால் பார்த்து எது மேடு என்று சொல்ல முடியாது. கோயில் மேட்டுக்கு ஓடியிருந்தால் திரும்பி வருவதற்குள் தூளியில் கிடந்ததும் போயிருக்கும் என்பதை மட்டும் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்களோ, அந்தப் பிள்ளை அவள் மதகுக்கு ஓடியதால் பிழைத்த பிள்ளை.

விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. அங்கே பெண்பிள்ளைகள் எழுந்து பேசும் வழக்கம் கிடையாது. அப்பனோ அண்ணனோ அவளுக்காகப் பேச வேண்டும். அம்சவல்லியின் அப்பன் எப்போதோ செத்துப் போனான். அண்ணனை அதே அலை கொண்டுபோயிருந்தது. சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டு அக்கா பக்கத்தில் நின்றான். எனவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊர்த்தலைவர் வீட்டு அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். அந்த வண்டியைக் கூப்பிட்டு இரண்டு இடத்தையும் அளந்து பாருங்கள், மதகு தாழ்வு என்று வந்தால் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறேன் என்று.

ஆமாம், அவள்தான் கேட்டாள்.

அதற்கு முந்தின நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். சுப்ராயன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க வண்டி பொய் சொல்லாதில்ல?"

"வண்டியாவது பொய் சொல்றதாவது. நீ தைரியமா போம்மா" என்றான்.

நான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு, "முடியாதுன்னு சொல்லிட்றா. இது விளையாட்டு இல்ல" என்றேன்.

"சரிமட்டம்னுதானே அந்தப் பொண்ணு சொல்லுது. சரியாவே வந்துட்டா நல்லதுதானே?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பஞ்சாயத்தே அவனைக் கூப்பிட்டிருக்கிறது அல்லவா.

மறுநாள் நானும் போனேன். காரணம் ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். யாரும் கடலுக்குப் போகவில்லை, குப்பமே திரண்டு நின்றது. சுப்ராயன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினான். ஐந்து தடவை தொட்டான். கண்ணை மூடினான்.

"பதினொண்ணு!"

"ஆறு பாகம்" என்று ஒரு கிழவர் கணக்குச் சொன்னார். எல்லோரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். மதகுக்கு வந்து நிறுத்தியதும் அம்சவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். சுப்ராயன் திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவன் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம்.

"மூணு" என்றான்.

"ரெண்டு பாகம் கூட இல்ல" என்றார் கிழவர்.

ஊர்த்தலைவர் அவசரப்படவில்லை. நியாயஸ்தர்தான். "தம்பி, தாயி புள்ள விஷயம். இது சத்தியமான அளவுதானான்னு கற்பூரம் அணைச்சு சொல்லிடு" என்றார். அங்கே எந்த வழக்கானாலும் கடைசியில் கற்பூரம்தான். ஒருத்தர் கற்பூரத்தைக் கொண்டுவந்து வண்டியின் பானெட் மேலேயே ஏற்றப் போனார். சுப்ராயன் பதறிப்போய், "ஐயோ, பெயின்ட் போயிடுங்க. தட்டு வெச்சு ஏத்துங்க" என்றான். சிலர் சிரித்தார்கள். தட்டு வந்தது. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தான்.

"கோயில் மேடு பதினொண்ணு, மதகு மூணு. இது சத்தியம்."

தனக்கோடி பிள்ளையை வாங்க வந்தாள். செந்தமிழ் அம்மாவின் ரவிக்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். தனக்கோடி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அம்சவல்லி தடுக்கவில்லை. "அளவுல வந்துடுச்சே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். யாரும் அவளை அடிக்கவில்லை, வையவும் இல்லை. பிள்ளை அழுது அழுது மூச்சு முட்டிப் போனதும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். பால் மறக்காத பிள்ளை. மூன்றாம் நாள் அவள் மார் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்குத் தலைவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த சுப்ராயனிடம், "ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றான்.

குப்பத்தில் இருக்க முடியாமல் அம்சவல்லி உப்பளத்தில் கூலிக்கு வந்து சேர்ந்தாள். அதே மதகுப் பக்கத்துப் பாத்தியில்தான் உப்பு வாரினாள். ஜூலையில் அந்த வண்டி மதகருகே பஞ்சராகி நின்றது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இன்ஜினியர் குடையைப் பிடித்துக்கொண்டு கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவல்லி உப்பு வாரும் பலகையோடு கரையேறி வந்தாள். காலெல்லாம் உப்பு அறுத்த புண்.

"அண்ணா, இன்னொருவாட்டி பாருங்க."

இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போது சுப்ராயனால் அவளை விரட்ட முடியவில்லை. தொட்டான். பன்னிரண்டு என்று காட்டியது. அவளுக்கு எண் வாசிக்கத் தெரியும். முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனாள். "பன்னெண்டு" என்றாள். "கோயிலுக்கு மேல! அப்ப எம்பொண்ணை நான் சரியான எடத்துலதான் வெச்சேன்!" அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு பத்தானது. பத்து ஏழானது. ஏழு நான்கானது. அவள் குனிந்து டயரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"வண்டி நின்னுட்டுத்தானே இருக்குது?"

நான் வீல் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நின்னுட்டுத்தானே அண்ணா இருக்குது? இத வெச்சா எம்புள்ளைய எடுத்தீங்க?"

சுப்ராயன் சாவியைத் திருப்பி அணைத்தான். திரை கறுத்துப் போனது. "கற்பூரம் அணைச்சாச்சும்மா. இனிமே என்ன பண்றது?" என்றான். கீழே மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லி வைதான். அவள் இறங்கிப் போய் வேலையைப் பார்த்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் தலைவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவரும் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்டிருக்கிறார். "மூணுதாங்க. புள்ள ஏக்கத்துல அதுக்குக் கண்ணு முன்னால எல்லாம் ஆடுது" என்றானாம் சுப்ராயன். இதைத் தலைவரே என் கடையில் உட்கார்ந்து சொல்லி, "பாவம், நல்ல பொண்ணு" என்று உச்சுக் கொட்டினார். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. சுப்ராயனை வாயில்லாப் பூச்சி என்றால் எனக்கு ஏன் எரிகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஆறு மாசி மாதம் அமைப்பு வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியது. கோயில் மேட்டில் வைத்துச் சுப்ராயனுக்குச் சால்வை போர்த்தினார்கள். சகாதேவன் அதற்குள் ரேணுகா என்று ஒரு பெண்ணைக் கட்டியிருந்தான். ரேணுகா நல்ல மாதிரி. பிள்ளையைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். செந்தமிழுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அந்த வண்டி என்றால் அவனுக்கு உயிர்.

"அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு கூட்டினு போங்க" என்று ரேணுகா கேட்டாள். சுப்ராயன் அவனை மடியில் வைத்துக்கொண்டான். ரேணுகாவும் நானும் பின் சீட்டில். பையன் திரையைத் தட்டித் தட்டி விளையாடினான். சுப்ராயன் அவன் விரலைப் பிடித்து ஐந்து தடவை தொடவைத்தான்.

வண்டி மதகுப் பக்கம் வந்தது. பாத்தியில் குனிந்திருந்தவள் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வண்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அது யாரு?" என்று பையன் கேட்டான்.

ரேணுகாவுக்கு அவளைத் தெரியாது. சுப்ராயன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அளத்துல வேலை செய்ற பொம்பளைடா கண்ணு. டாட்டா சொல்லு."

பையன் கை ஆட்டினான். அவளும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, வண்டி மறைகிற வரைக்கும் கை ஆட்டிக்கொண்டே நின்றாள்.